ஹெட்ஃபோன் மாட்டுவதற்கு முன்: சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு இசை கேட்கும் பயிற்சி

காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்கு யாராவது இசைப் பயிற்சி (வடிகட்டிய இசையை ஹெட்ஃபோனில் கேட்கவைப்பது) பரிந்துரைத்தால், ஹெட்ஃபோன் வாங்குவதற்கு முன் காது கேட்பதைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தாலும், காதுக்குறும்பி அடைத்திருந்தாலும் பிள்ளை சத்தத்துக்கு விசித்திரமாகத்தான் நடந்துகொள்ளும். கூப்பிட்டால் திரும்பாது, மிக்ஸி ஓடினால் அலறும். டிம்பனோகிராம் என்கிற சோதனைக்கு ஒரு ரப்பர் நுனியைக் காதுத் துளையில் வைத்து லேசாகக் காற்றழுத்தம் கொடுப்பார்கள். வலிக்காது, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரத்துப் பிள்ளைகள் கடலிலும் குளத்திலும் கிடப்பவர்கள், கோடையில் வெளிக்காதுப் புண் சகஜம். சீழ், வலி, செவிப்பறையில் புதிதாக வைத்த குரோமெட் என்கிற சின்னக் குழாய் என்று எது இருந்தாலும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஹெட்ஃபோன் தொடக்கூடாது. வலிப்பு வந்த பிள்ளை என்றால் நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் விற்பவர் பேச்சை எடைபோட முடியும். 1950களில் பிரான்சில் காது மூக்கு தொண்டை டாக்டராக இருந்த ஆல்ஃபிரட் டொமாட்டிஸ், வடிகட்டிய இசையைக் கேட்கவைக்கும் முறையைத் தொடங்கினார். அவருக்குப் பின் கீ பெரார் அதைச் சுருக்கினார்: 10 நாள், நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு அரை மணி, மொத்தம் 10 மணி நேரம். அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஷீலா ஃப்ரிக் உருவாக்கிய தெரப்யூட்டிக் லிசனிங் வீட்டிலேயே செய்கிற வகை. ஸ்டீஃபன் போர்ஜஸின் சேஃப் அண்ட் சவுண்ட் முறையில் மொத்தமே 5 மணி நேர இசைதான், அதை வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் கொடுப்பவர்களும் உண்டு. இவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த முறையில் போனது என்று கேட்காமல் அதே அட்டவணையை உங்கள் வீட்டில் ஒட்டிவைக்காதீர்கள்.

காதைத் தொட்டால் உடம்பு ஏன் மாறும் என்ற கேள்விக்குத் தெரபிஸ்டுகள் சொல்கிற காரணம் இது. உள்காதில் ஒரே எலும்புக் கூட்டுக்குள்தான் கேட்கும் நத்தைக்கூடும், உடம்பின் சமநிலையைப் பார்க்கும் அரைவட்டக் குழல்களும் இருக்கின்றன. இரண்டின் செய்தியும் எட்டாவது மூளை நரம்பு வழியாகவே போகிறது. கலிஃபோர்னியாவில் ஜீன் ஏர்ஸ் வகுத்த புலன் ஒருங்கிணைவுக் கொள்கையில் அசைவும் தொடுதலும் கேட்டலும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஆகவே ஊஞ்சலில் ஆடிக்கொண்டே கேட்டால் பலன் கூடும் என்பது அவர்கள் கணக்கு. கொள்கை அழகாகத்தான் இருக்கிறது, நிரூபணம் அந்த அளவுக்கு இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஒலிப் பயிற்சிகள் பலன் தருகின்றனவா என்று 2011இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு அலசிப் பார்த்து, பலன் உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், சென்சரி பிராசஸிங் டிஸார்டர் (புலன்கள் தரும் செய்தியை மூளை சரிவரக் கையாளாத கோளாறு) என்பதைத் தனி நோயாக எழுதவேண்டாம் என்று தன் டாக்டர்களுக்குச் சொன்னது. கூடவே, இத்தகைய சிகிச்சையை முயல்கிற குடும்பம் குறிக்கோளை முன்பே எழுதிவைத்து அளந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த இரண்டாவது வரியை நாங்கள் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம். பிள்ளையின் கஷ்டம் பொய்யில்லை. இந்தக் குறிப்பிட்ட மருந்து அதற்குப் பொருந்துமா என்பதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அதனால் முதல் வாரம் இசையே கிடையாது. நோட்டில் மூன்று விஷயம் மட்டும் எண்ணுங்கள். "அமைதியாக இருக்கணும்" என்று எழுதினால் அளக்க முடியாது. ஒரு நாளில் எத்தனை தடவை காதைப் பொத்தினாள், சாப்பாட்டு மேசையில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள், படுத்தபின் தூங்க எத்தனை நிமிடம் ஆனது: இப்படி எண்ணாக வரக்கூடியதை எழுதுங்கள். ஃப்ரிட்ஜில் தொங்கும் கோயில் காலண்டர் கட்டமே போதும். ஏன் இவ்வளவு கறார் என்றால், பெற்றோர் உதவி தேடுவது பிள்ளை ஆக மோசமாக இருக்கும் வாரத்தில். எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த சில வாரத்தில் கொஞ்சம் தணிவது இயல்பு. அதோடு பிள்ளைகள் வளர்கிறார்கள். இதே காரணத்துக்காகத்தான் புது மருந்து, புது ஸ்கூல், புது உணவுமுறை எதையும் அதே மாதத்தில் தொடங்கக்கூடாது என்கிறோம். நம் ஊரில் ஜனவரி நடுவில் பள்ளி திறக்கிறது, ஒட்டினாற்போல் தைப்பூசம் வருகிறது, வெயிலும் உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் தொடங்கினால் எது எதனால் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாம் டெர்மில் தொடங்குவது நல்லது. அக்டோபர் கடைசியும் வேண்டாம், தீபாவளி வெடியும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் வெடியும் அடுத்தடுத்து வரும்.

கருவிகள் விஷயத்தில் காசை மிச்சப்படுத்தப் போய் மொத்தத்தையும் கெடுப்பவர்கள் அதிகம். ஹெட்ஃபோன் காது முழுவதையும் சுற்றி மூட வேண்டும், காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைக்காத திறந்த வகையாக (ஓப்பன் பேக்) இருக்க வேண்டும், வயர் இருக்க வேண்டும். காதுக்குள் செருகும் இயர்பட் ஆகாது. நாய்ஸ் கேன்சலிங் ஆகாது: அது தானாக ஒரு எதிர் ஒலியைக் கலக்கிறது, சில பிள்ளைகளுக்குக் காது அடைத்த மாதிரி அழுத்தம் தெரியும், அம்மா கூப்பிடுவதும் கேட்காது. ப்ளூடூத்தில் இசை சுருக்கப்பட்டுப் போகிறது. இந்த ஆல்பங்களில் வேலை செய்யவேண்டியதாகச் சொல்லப்படும் பகுதியே உயர்ந்த சுருதியில்தான் இருக்கிறது, சுருக்கும்போது முதலில் அடிபடுவதும் அதுதான். 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஃபைலில் கேட்கவைத்துவிட்டு "ஒண்ணும் பலனில்ல" என்பது நியாயமில்லை.

பழைய போன் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். சிம்மைக் கழற்றி, ஃப்ளைட் மோடில் போட்டு, ஈக்வலைஸர், டால்பி, வால்யூமைத் தானாகச் சமப்படுத்தும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். மெல்லிசைக்கு நடுவே ஒரு மெசேஜ் மணி காதுக்குள் டிங் என்று விழுந்தால், அந்தப் பிள்ளை ஒரு வாரத்துக்கு ஹெட்ஃபோன் பக்கம் வராது. சார்ஜ் நிறைந்திருக்கட்டும். மின்வெட்டு இப்போது முன்போல் இல்லை என்றாலும் கேபிள் கோளாறுக்கு நேரம் காலம் கிடையாது, அப்போது பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் வேறு உறுமும்.

வால்யூம் எவ்வளவு என்பதுதான் எல்லாரும் தவறு செய்யும் இடம். பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு எல்லை. இந்தப் பயிற்சிக்கு அதைவிடக் குறைவே போதும். சோதிக்கும் விதம் எளிது: ஹெட்ஃபோனை முதலில் நீங்கள் மாட்டிக்கொண்டு, ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒருவரைச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள். சொன்னது முழுதாகப் புரிந்தால் சரி. அந்த அளவில் வால்யூம் பட்டன்மேல் செலோடேப் ஒட்டிவிடுங்கள். மினிபஸ் டாக்ஸியிலோ பஸ்ஸிலோ வைத்துக் கேட்கவைக்காதீர்கள். திறந்த வகை ஹெட்ஃபோனில் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், டிரைவர் கோம் என்கிற டர்பன் நடன இசையைப் போட்டிருந்தால் அதை மீற வால்யூமைக் கூட்டத் தோன்றும்.

பாட்டு ஓடத் தொடங்கியதும் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு குழப்பம் வரும். இசை திடீரென மெலிந்து தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், கொஞ்ச நேரத்தில் திரும்ப நிறைந்து ஒலிக்கும். ஆயா (பாட்டி) மாட்டிப் பார்த்துவிட்டு, "இது ரிப்பேர்டா, கடையில குடுத்து மாத்திட்டு வா" என்பார். "ரிப்பேர் இல்ல ஆயா, அப்படித்தான் செஞ்சிருக்காங்க" என்று சொல்லிவையுங்கள். தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் மாறி மாறி, எதிர்பாராத இடைவெளியில் வடிகட்டுவதுதான் இந்த இசையின் அமைப்பு. காது ஒரே நிலையில் பழகிப்போகாமல் ஒவ்வொரு முறையும் திரும்பிக் கவனிக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மெலிந்தால் அது நிஜமாகவே வயர் கோளாறு. ஜாக்கைத் திருகிப் பாருங்கள். இடம் வலம் எழுத்து அழிந்துபோனால் வலது பக்கத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். மாற்றி மாட்டினால் ஒலி வரும் திசையே தலைகீழாகிவிடும்.

தலையில் எதையும் தொடவிடாத பிள்ளைகளுக்கு ஹெட்ஃபோனே முதல் போராட்டம். இரண்டு நாள் அது மேசையில் கிடக்கட்டும். பிறகு கழுத்தில், பாட்டு இல்லாமல். பிறகு மெல்லிய பருத்திக் குல்லாய் போட்டு அதன்மேல் இரண்டு நிமிடம். பிள்ளையே எண்ணிக் கழற்றட்டும். தானே கழற்றலாம் என்று தெரிந்தால்தான் மாட்டிக்கொள்ள ஒத்துக்கொள்ளும். இரண்டு, ஐந்து, பத்து என்று ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை. ஜிமிக்கி, பெரிய தோடு போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், ஹெட்ஃபோன் மெத்தை அழுத்தி இருபது நிமிடத்தில் காதுமடல் வலிக்கும். தலைக்கு எண்ணெய் வைத்த உடனே மாட்டவேண்டாம். தேங்காயெண்ணெய் பட்ட மெத்தையின் செயற்கைத் தோல் சில மாதத்தில் செதில் செதிலாக உரியும், அந்தத் துணுக்குகள் கழுத்தில் ஒட்டி அரிப்பெடுத்தால் பிள்ளை குற்றம் சொல்வது பாட்டைத்தான். டர்பன் ஈரக் காற்றில் வியர்வையும் சேரும். காய்ந்த துணியால் துடைத்து, காற்றாட மாட்டிவையுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், செயற்கைத் தோலில் வெடிப்பு விழும்.

தெரப்யூட்டிக் லிசனிங் வகையில் வழக்கமான அளவு: நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு 30 நிமிடம், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 3 மணி நேரம், ஒரு ஆல்பம் 2 வாரம். எது முதலில், எது பிறகு என்பதை அதில் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் பிள்ளையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். துள்ளலான ஆல்பத்தை ஏற்கெனவே தறிகெட்டு ஓடும் பிள்ளைக்குப் போட்டால் அன்றிரவு வீடே தூங்காது. ஹடிடா பறவை கத்தி எழுப்புகிற வீடுகளில் காலை 6 மணி ஒரு வேளை, மாலை 4 மணி ஒரு வேளை என்று வைத்துக்கொண்டால் நடைமுறைக்கு வரும். படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரத்துக்குள் வேண்டாம்.

கேட்கும்போது டிவி, டேப்லெட், ஹோம்வொர்க் மூன்றும் கூடாது. கண் திரையில் ஒட்டிக்கொண்டால் உடம்பு கல்லாக நின்றுவிடும். மொறுமொறுவென்று கடிக்கும் தின்பண்டமும் வேண்டாம், மெல்லும் ஓசை எலும்பு வழியாக மெல்லிசையை மூழ்கடிக்கும். கை வேலை, உடம்பு வேலை கொடுங்கள்: ஊஞ்சல், களிமண், மணி கோப்பது, தண்ணீர் ஊற்றி விளையாடுவது. எங்கள் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட நன்றாக ஒத்துவருவது ரொட்டி மாவு. பிள்ளையை நிற்கவைத்து, மேசை இடுப்பளவு இருக்கும்படி ஸ்டூல் போட்டு, மாவை அழுத்திப் பிசையவிடுங்கள். தோளும் மணிக்கட்டும் உள்ளங்கையும் சேர்ந்து வேலை செய்யும், அந்த அழுத்தமே பிள்ளையைத் தணிக்கும்.

அப்போது பிள்ளையின் முகத்தை மட்டும் பார்த்தால் போதாது. காதுமடலைப் பாருங்கள். எட்டாவது, பத்தாவது நிமிடத்தில் சில பிள்ளைகளுக்கு மடல் சிவந்து சூடாகும். உள்ளங்கை ஈரமாகி மாவு பிசுபிசுக்கத் தொடங்கும். கொட்டாவி மேல் கொட்டாவி, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது, காரணமில்லாத சிரிப்பு, முகம் வெளுப்பது, குமட்டல் ஆகியவையும் போதும் போதும் என்று உடம்பு சொல்கிற அடையாளங்கள். வாயால் "ஓகே" என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு, நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்பதற்காகத் தாங்கிக்கொள்வார்கள். அடையாளம் தெரிந்தால் நிறுத்துங்கள். "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்பது மிகப் பெரிய தவறு. நிறுத்தியபின் துணிக்கூடையைத் தள்ளவிடுங்கள், 5 கிலோ அரிசிப் பையைச் சமையலறையிலிருந்து ஹாலுக்குத் தூக்கிவரச் சொல்லுங்கள், சுவரை இரண்டு கையாலும் தள்ளச் சொல்லுங்கள். மறுநாள் பத்து நிமிடம் மட்டும் கேட்கவைத்துத் தொடங்குங்கள்.

இசை தொடங்கிய முதல் வாரத்தில் தூக்கம் கலைவது, எரிச்சல், அழுகை கூடலாம். அளவைக் குறைத்தும் மூன்று நான்கு நாளுக்கு மேல் நீடித்தால் நிறுத்திவிட்டுத் தெரபிஸ்டிடம் பேசுங்கள். "மோசமானாத்தான் குணமாகுது என்று அர்த்தம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு எதையும் நியாயப்படுத்திவிடலாம். எட்டு வாரம் முடிந்ததும் காலண்டரை எடுத்து, இசை தொடங்கும் முன் எண்ணிய வாரத்து எண்களோடு ஒப்பிடுங்கள். பிறகு நான்கு வாரம் இசையில்லாமல் விட்டு அதே மூன்றையும் எண்ணிக்கொண்டே வாருங்கள். விட்ட பிறகும் எண்கள் அப்படியே நின்றாலோ, தொடக்கத்திலிருந்தே அசையாமல் இருந்தாலோ, இன்னொரு ஆல்பத்துக்குப் பணம் கட்ட அவசரம் இல்லை.

பணம் கொடுக்கும் முன் கேட்கவேண்டியவை சில. தெரபிஸ்டின் எச்.பி.சி.எஸ்.ஏ. (தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழிலாளர் பதிவுக் கவுன்சில்) பதிவு எண் என்ன, புலன் ஒருங்கிணைவில் எங்கே பயிற்சி பெற்றார், எந்த மாற்றத்தை எத்தனை வாரத்தில் எதிர்பார்க்கிறார், எது நடந்தால் நிறுத்துவார். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவரிடம் போகவேண்டாம். இந்த நாட்டில் சாய்சி என்கிற தென்னாப்பிரிக்கப் புலன் ஒருங்கிணைவு அமைப்பு ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்குப் பயிற்சி தருகிறது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் ஆக்குபேஷனல் தெரபி, ஆடியாலஜி இரண்டும் கற்பிக்கிறார்கள். ஆட்டிசத்தைக் குணமாக்கும், பேச்சு வரவழைக்கும் என்று வாக்குக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தேவாரம் போட்டால் ஆகாதா, இன்ன ராகத்துக்கு இன்ன நோய் தீருமாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ராகத்துக்கு நோய்ப் பட்டியல் போடுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஆயா மடியில் வைத்து ஆட்டிக்கொண்டே பாடும் தாலாட்டை நாங்கள் மேலாக மதிக்கிறோம். பிள்ளையின் மூச்சு வேகமானால் அவர் குரலைத் தாழ்த்துகிறார், உடம்பு தளர்ந்தால் அடியை இன்னும் மெதுவாக்குகிறார். எந்த ரெக்கார்டிங்கும் பிள்ளையைப் பார்த்து வேகத்தை மாற்றுவதில்லை. வீட்டில் பேச்சு முழுவதும் ஆங்கிலமாகிவிட்ட குடும்பங்களிலும் இந்தப் பாட்டு மட்டும் தமிழில் நிற்கிறது. அதைத் தினமும் பத்து நிமிடம் வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம், செலவும் இல்லை.

காதை மூடும் மஃப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாள் முழுக்க மாட்டிவிட்டால் காது அமைதிக்குப் பழகி, சாதாரணச் சத்தமும் இரைச்சலாகக் கேட்கத் தொடங்கும். வெடி, காவடி ஊர்வலம் மாதிரி நேரங்களுக்கு மட்டும் எடுங்கள்.

காவடிக்கு அழைத்துப் போவதாக இருந்தால் மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். நாதசுரம் தவில் ரெக்கார்டிங்கைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டு, வால்யூம் பட்டனைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். தானே கூட்டிக் குறைக்கும்போது அதே சத்தம் பாதி பயம்தான் தரும். தவிலின் படத்தைக் காட்டி, வலந்தலையில் விரல்களில் கூடு மாட்டி அடிக்கிறார், தொப்பிப் பக்கம் குச்சியால் அடிக்கிறார் என்று சொல்லிக்கொடுங்கள். எங்கிருந்து எந்த ஓசை வருகிறது என்று தெரிந்தால் பிள்ளை அதைத் தேட ஆரம்பிக்கும், பயத்துக்கு இடம் குறையும். கொடியேற்றத்தன்று கூட்டம் குறைவு, அன்று ஒரு தடவை போய் இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். காவடியன்று நாதசுரத்தின் அணசு (விரிந்த வாய்ப்பகுதி) நோக்கும் திசையில் நிற்காதீர்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். மண்டபக் கூரைக்குக் கீழே சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் அவ்வளவு குறையாது. ஆகவே பின்வரிசைக்கு நகர்வதில் பலன் கொஞ்சம்தான், வெளியே மரத்தடிக்கே போய்விடுங்கள். மஃப் பையில் இருக்கட்டும், கேட்டால் உடனே கொடுங்கள். இருபது நிமிடம் நின்றாலும் அன்றைக்கு அது பெரிய காரியம், பால்குடம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்தபின் அன்று மாலைப் பயிற்சியை விட்டுவிடுங்கள், காலண்டர் கட்டத்தில் "காவடி" என்று மட்டும் எழுதிவையுங்கள்.